பழுதானதும் பக்கற்றில் வந்ததும்

"பழுதாப்போச்சு, நாய்க்குப் போடு."

எங்கட ஊரில் இந்த வசனத்தைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க ஏலாது. முந்தநாள் பாண், புளிச்ச சோறு, அடிப்பிடிச்ச கறி, பூஞ்சணம் பிடிச்ச தேங்காய்ப் பாதி, எல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். மனிசருக்கும் சோறு போடுவோம்தான். ஆனால் நாய்க்கு "போடு" என்று சொல்லேக்க அது பரிமாறுகிற போடு இல்லை, கொட்டுகிற போடு.

இப்போது எங்கட தலைமுறைக்குள் இன்னொரு வசனம் வந்திருக்கிறது. "நான் என்ர நாய்க்கு நச்சுரல் மட்டும்தான் குடுக்கிறனான்." சுப்பர்மார்க்கற்றில் பச்சை இலைப் படம் போட்ட பக்கற்றுகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. இன்ஸ்ரகிராமில் யாரோ ஒருவர் தன் நாய்க்குப் புளூபெரிப் பழத்தை ஒவ்வொன்றாக ஊட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் புளூபெரி எங்கே வாங்கலாம் என்று எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டாள். உண்மையாகவே கேட்டாள்.

பழுதானதைப் போடுகிறவர் சட்டியைப் பார்க்கிறார்: சட்டி காலியாக வேண்டும். இலைப் படத்தை நம்புகிறவர் பக்கற்றைப் பார்க்கிறார்: பக்கற் அழகாக இருக்க வேண்டும். இரண்டு பேரும் பார்க்காமல் விடுவது நாயை. இந்தச் சாப்பாடு, இந்தச் சவர்க்காரம், இந்தக் கயிறு, இந்த உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்ற கேள்வி இரண்டு பக்கத்திலும் இல்லை. நான் எழுத நினைத்தது அந்தக் கேள்வியைப் பற்றி.

நான் கலைப்பீட மாணவி. மிருக வைத்தியம் எனக்குப் பாடம் இல்லை. ஆனால் ஒரு சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது எங்கட படிப்பில் பாதி. அந்தப் பழக்கத்தில்தான் "இயற்கை" என்ற சொல்லைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

செல்லப்பிராணி உணவுக்கு "இயற்கை" என்று எழுதுவதற்கு அமெரிக்காவில் ஏ.ஏ.எப்.சி.ஓ. என்ற அமைப்பு ஒரு வரைவிலக்கணம் வைத்திருக்கிறது. தாவரம், விலங்கு, நிலத்திலிருந்து தோண்டி எடுத்த கனிமம் ஆகியவற்றிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், இரசாயன முறையில் செயற்கையாகத் தயாரித்ததாக இருக்கக்கூடாது, இதுதான் அதன் சாரம். நன்றாகக் கவனியுங்கள். எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் அது சொல்கிறது. நாய்க்கு நல்லதா என்று சொல்லவில்லை. "இயற்கை" என்பது ஒரு பொருளின் பிறப்பைப் பற்றிய தகவல். "நஞ்சில்லாதது" என்பது அந்தப் பொருள் இன்னொரு உயிருக்குள் போய் என்ன செய்கிறது என்ற தகவல். இரண்டையும் ஒரே பக்கற்றில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிப்பதால் அவை ஒரே சொல் ஆகிவிடாது.

இதற்கு நான் கண்ட மிகச் சரியான உதாரணம் சைலிற்றோல். சீனி இல்லாத சுவிங்கம், சில பற்பசைகள், வெளிநாட்டிலிருந்து வரும் சில வேர்க்கடலை பட்டர்கள் ஆகியவற்றில் இனிப்புக்காகச் சேர்ப்பார்கள். பேர்ச் மரத்திலிருந்தும் எடுக்கலாம் என்பதால் "பேர்ச் சீனி" என்ற பெயரிலும் எழுதுவார்கள். கேட்க எவ்வளவு இயற்கையாக இருக்கிறது! ஆனால் நாயின் உடம்பு அதைச் சீனி என்று நினைத்து இன்சுலினை அள்ளிக் கொட்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 கிராம் அளவு போதும், இரத்தத்தில் சீனி படுத்துவிடும். கூடப் போனால் ஈரல் பழுதாகும். பக்கற்றின் பின்பக்கத்தில் அது ஈ967 என்ற எண்ணாக மட்டும் இருக்கலாம். முன்பக்கத்து இலையை விடப் பின்பக்கத்து எண்தான் வாசிக்க வேண்டியது.

வெளிநாட்டுப் பொருளை விட்டுவிட்டு எங்கட குசினிக்கு வருவோம். நாங்கள் சின்ன வெங்காயம் விளைகிற மண்ணில் இருக்கிறோம். வெங்காயம் இல்லாமல் எங்களுக்குக் கறி இல்லை, சம்பல் இல்லை, சொதி இல்லை. நாய்க்கு வெங்காயம் நஞ்சு. வெங்காயத்தில் இருக்கிற கந்தகச் சேர்வைகள் நாயின் சிவப்பு அணுக்களை உடைக்கின்றன. அவித்தாலும் பொரித்தாலும் தூளாக்கினாலும் அது போகாது. ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வரை உள்ளே போனால் இரத்தத்தில் மாற்றம் தெரியும் என்கிறார்கள். பன்னிரண்டு கிலோ ஊர் நாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 180 கிராமில் தொடங்கும். ஒரு கரண்டி சொதியில் அவ்வளவு இருக்காது என்பது உண்மை. ஆனால் கறிச்சட்டி வழித்த சோறு ஒவ்வொரு நாளும் போகும் வீடுகளில், சின்னச் சின்னதாகப் போவதும் சேதம்தான். இதில் பிரச்சினை என்னவென்றால், சாப்பிட்ட அன்று நாய்க்கு ஒன்றும் இருக்காது. சில நாள் கழித்துத்தான் சோர்ந்து படுக்கும், முரசு வெளிறும், மூத்திரம் கடும் நிறத்தில் போகும். அதற்குள் என்ன சாப்பிட்டது என்பதை வீட்டில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். "திடீரெண்டு சுகமில்லாமப் போட்டுது" என்பார்கள். உள்ளியும் அதே குடும்பம், அளவுக்கு அளவு பார்த்தால் வெங்காயத்தை விடக் கடுமை.

முந்திரிகை வத்தல் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது கனகாலமாகத் தெரிந்த விசயம். ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2021இல் அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்து மிருக வைத்தியர்கள், அதற்குக் காரணம் தாட்டரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த வருசம் வந்த ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு பொருளின் பெயரும் இருந்தது. புளி. புளியில் தாட்டரிக் அமிலம் நிறைய. புளி சாப்பிட்டு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களை அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு எங்கட மீன்குழம்புதான் ஞாபகம் வந்தது. வெங்காயம், உள்ளி, பழப்புளி, உப்பு, தூள். எங்களுக்கு அமிர்தம். அதில் ஒரு பொருள் கூட செயற்கை இல்லை.

பூஞ்சணம் பிடித்த பாணுக்கும் தேங்காய்க்கும் வருவோம். சில வகைப் பூஞ்சணம் அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அது இருந்தது என்று நாடே கதைத்தது. எல்லாரும் வீட்டுப் போத்தலைத் தூக்கி மணந்து பார்த்தோம். அதே வீடுகளில் பூஞ்சணம் பிடித்த கச்சானும் சோளமும் நாய்க்கும் கோழிக்கும் போய்க்கொண்டிருந்தன. அந்த நஞ்சு முதலில் அடிப்பது ஈரலை. நாயின் ஈரல் அதற்கு மிகவும் இளகியது. எங்களுக்குப் பழுதானது நாய்க்கும் பழுதானதுதான். நாய் அதைச் சாப்பிடுகிறது என்பது அதற்கு ஒத்துவருகிறது என்பதற்குச் சாட்சி இல்லை, அதற்குப் பசி என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

இதையெல்லாம் சொல்லேக்க சிலர் கேட்பார்கள்: "அந்தக் காலத்து நாய்கள் இதைத் திண்டுதானே வாழ்ந்தது?" வாழ்ந்தன. எத்தனை வருசம் வாழ்ந்தன என்று யாரும் எண்ணவில்லை. ஒரு நாய் செத்தால் வளவின் மூலையில் தாட்டுவிட்டு அடுத்த மாதம் இன்னொரு குட்டி கொண்டு வருவோம், அதே பெயரையும் வைப்போம். எங்கட ஒழுங்கையில் நான் அறிய மூன்று ரைகர் இருந்திருக்கிறது.

ஆனால் அந்தக் காலம் முழுக்கக் கவனமில்லாத காலமும் இல்லை. என் அம்மம்மா நாய்க்கென்று தனியாகச் சமைத்ததில்லை. ஆனால் மீன் வெட்டும்போதே தலையையும் வாலையும் ஒரு சின்னச் சட்டியில் எடுத்து வைப்பா. உப்பு, புளி, தூள் ஒன்றும் போடாமல் வெறுந்தண்ணியில் அவிப்பா. முள்ளை விரலால் நசித்து நசித்து எடுத்துவிட்டு, ஒரு பிடி சோறும் கொஞ்சம் பூசணிக்காயும் போட்டுக் குழைத்து ஆறவிட்டு எங்கட பிறவுணிக்கு வைப்பா. ஏன் கறியோடு குடுக்கக் கூடாது என்று கேட்டால் பெரிய விளக்கமெல்லாம் இல்லை. "அதுக்கு மயிர் கொட்டும் பிள்ளை, சொறி வரும்." அவ சொன்ன காரணம் விஞ்ஞானத்தில் முழுக்கச் சரியோ பிழையோ, செய்த வேலை சரி. தாளிப்பதற்கு முதல், கலப்பதற்கு முதல், எடுத்து வைப்பது. பிறவுணி பதினான்கு வருசம் இருந்தது.

நான் பழசைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அம்மம்மாவின் சாப்பாடு நல்லது என்பதற்குக் காரணம் அது பாரம்பரியம் என்பதோ இயற்கை என்பதோ இல்லை. அவ அந்த நாயைப் பார்த்தபடி இருந்தா. எதைச் சாப்பிட்டால் வயிற்றால் போகிறது, எதைச் சாப்பிட்டால் சொறிகிறது என்று கவனித்தா. பூசணிக்காயைக் கூட்டிக் குறைத்தா. அந்தச் சாப்பாட்டிலும் குறை இருக்கிறது. சோறும் மீனும் மட்டும் என்றால் ஒரு நாய்க்கு வேண்டிய கல்சியமும் சில விற்றமின்களும் போதாது. வளரும் குட்டிக்கு எலும்பு பலவீனமாகலாம். வீட்டில் சமைத்தே வளர்ப்பது என்றால் ஒருமுறையாவது மிருக வைத்தியரிடம் கேட்டு என்ன சேர்ப்பது என்று எழுதி வாங்க வேண்டும். "வீட்டுச் சாப்பாடு" என்பதும் "இயற்கை" மாதிரி ஒரு சொல்தான், அதையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அப்ப பக்கற் சாப்பாடு? அதன் வரலாறும் தூய்மையானது இல்லை. 2007இல் வட அமெரிக்காவில் கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்ததால் 6 கோடிக்கு மேற்பட்ட ரின்களையும் பைகளையும் ஒரே நிறுவனம் திருப்பி எடுத்தது. புரதம் கூட என்று பரிசோதனையில் காட்டுவதற்காகப் பிளாஸ்ரிக் செய்யும் பொருளைக் கலந்திருந்தார்கள். நாய்களினதும் பூனைகளினதும் சிறுநீரகத்தில் அது பளிங்காகப் படிந்தது. அதே 2007இலிருந்து காய்ந்த கோழியிறைச்சித் தின்பண்டங்களைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு முறைப்பாடுகள் வரத் தொடங்கின. 2015 முடிவில் அவை 5,200 அளவில் இருந்தன, 1,140க்கு மேற்பட்ட நாய்கள் செத்ததாகச் சொல்லப்பட்டது. வெறும் கோழி, வெறும் வத்தாளங்கிழங்கு என்று விற்ற பண்டங்களும் அவற்றுக்குள் இருந்தன. இத்தனை வருசம் தேடியும் திட்டவட்டமான காரணம் பிடிபடவில்லை. 2018இல் இன்னொன்று. தானியம் இல்லாத உணவு நாய்க்கு "இயல்பானது" என்ற பெயரில் பெரிய சந்தை உருவாகியிருந்தது. பருப்பும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் கூடுதலாகப் போட்ட அந்த உணவுகளுக்கும் இதயத் தசை விரிவடையும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அதே நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது.

இதைச் சொல்வது பக்கற் எல்லாம் கெட்டது என்பதற்காக இல்லை. முழு உணவாகச் செய்த நல்ல பக்கற் சாப்பாடு பல நாய்களை நன்றாக வாழ வைக்கிறது. பயத்தை வைத்து விற்கிறவர்களும் ஆசையை வைத்து விற்கிறவர்களும் ஒரே கடையில்தான் நிற்கிறார்கள் என்று சொல்ல வந்தேன்.

எங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் போனபோது, இறக்குமதிச் சாப்பாட்டை மட்டுமே சாப்பிட்டுப் பழகிய நாய்களின் வீடுகளில் என்ன நடந்தது என்று நாங்கள் பார்த்தோம். எங்கட ஒழுங்கை முனையில் கழுத்துப் பட்டியோடு ஒரு நாய் வந்து நின்றது. குளிப்பாட்டி வளர்த்த நாய். சோத்தை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பியது, மூன்றாம் நாள்தான் சாப்பிட்டது. வாங்க ஏலாத விலையை அன்புக்கு அளவுகோலாக வைத்தால் அன்பு வருமானத்தோடு இறங்கிவிடும். இலை போட்ட பக்கற் வாங்க முடியாத ஒரு பிள்ளை தன் நாயைக் குறைவாக நேசிக்கிறது என்று நினைக்க வைப்பதுதான் இந்த விளம்பரங்களில் எனக்குப் பிடிக்காத இடம்.

ஆகவே எங்கட சந்தையில் கிடைப்பதையே சொல்கிறேன். தின்பண்டம் என்பது ஒரு நாளைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 600 கலோரி அளவு வேண்டும் என்றால் தின்பண்டத்துக்கு 60 கலோரி. அவித்த முட்டை ஒன்றே 70 அளவு வரும். அதனால் முட்டையைப் பாதியாக்குங்கள். அவித்த கரட் துண்டு, பூசணிக்காய், கொட்டை நீக்கின பப்பாப்பழம், தோலும் கொட்டையும் எடுத்த மாம்பழத் துண்டு, வாழைப்பழத்தில் இரண்டு வட்டம், உப்பில்லாமல் அவித்த வத்தாளங்கிழங்கு. பச்சை நெத்தலி கிடைத்தால் அவித்துக் குடுக்கலாம், முள் மெல்லிசு. கருவாடு வேண்டாம், உப்பு. தேங்காய்ச் சொட்டு ஒன்றிரண்டு பிரச்சினை இல்லை, கூடினால் கொழுப்பு. கோழி எலும்பு அவித்ததோ பொரித்ததோ ஆகாது, ஊசி மாதிரி உடையும். சொக்லேற் எந்த அளவிலும் வேண்டாம். தேத்தண்ணிச் சாயமும் கோப்பித்தூளும் குப்பை வாளியில் மூடிப் போட வேண்டியவை. புளூபெரி கேட்ட என் சிநேகிதிக்கும் இதைத்தான் அனுப்பினேன். அவளுடைய நாய் இப்போது பப்பாப்பழத்துக்குக் கதவில் வந்து நிற்கிறதாம்.

சாப்பாட்டுக்கு அடுத்தது சாமான்கள். கடையில் மூங்கில் கோப்பை, சணல் பொம்மை, "ஓர்கானிக்" ஷம்பூ என்று நிறைய இருக்கிறது. நாய்க்குத் தேவையானது அவ்வளவு இல்லை. சாப்பிட ஒரு சில்வர் கோப்பை. பிளாஸ்ரிக் கோப்பையைக் கடித்துக் கடித்துக் கீறல் விழுந்தால் அந்தக் கீறலுக்குள் அழுக்கு தங்கும், துண்டும் உள்ளே போகும். மண்சட்டி நல்லது, கழுவிக் காயவைத்தால். படுக்க உரப்பை வேண்டாம், உரம் இருந்த பை. வெயிலில் காயப்போட்ட பழைய சாரம் இரண்டு மடிப்பு போதும். கடிப்பதற்கு எதைக் குடுத்தாலும் ஒரு சோதனை: உங்கள் நகத்தால் அமத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியாவிட்டால் அது நாயின் பல்லை உடைக்கும். மான்கொம்பு இயற்கைதான், பல்லும் இயற்கைதான், உடைவது பல். தும்புக் கயிற்றைக் கடிக்கக் குடுத்தால் பக்கத்தில் இருங்கள், தும்பை விழுங்கினால் குடலில் சுற்றும்.

குளிக்க வார்க்க எங்கட சவர்க்காரம் சரிவராது. மனிசத் தோல் புளிப்புப் பக்கம், நாயின் தோல் நடுநிலைப் பக்கம். நாய்க்கென்று செய்த, வாசனை குறைந்த ஒன்றை மாதத்தில் ஒருமுறை பாவித்தால் போதும். காயத்துக்குப் போடுகிற கிருமிநாசினியைத் தண்ணியில் கலந்து வார்ப்பவர்கள் இருக்கிறார்கள், தோல் எரியும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். தேயிலை மர எண்ணெய் என்று ஒன்றை இப்போது எல்லாத்துக்கும் பூசுகிறார்கள். முழுக்க முழுக்கத் தாவர எண்ணெய், நீர் சேர்க்காமல் பூசினால் நாய் தள்ளாடி விழும். கற்பூரமும் அலுமாரிப் பூச்சி உருண்டையும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நிலம் துடைத்தால் காய்ந்த பிறகு நாயை உள்ளே விடுங்கள், ஏனென்றால் அது காலை நக்கும். நாய்க்கு வெளியே பூசுவது எல்லாம் கடைசியில் உள்ளே போகிறது. இதை மட்டும் ஞாபகம் வைத்தாலே பாதிப் பிழை குறையும்.

இந்த இடத்தில் கம்பஸ் பக்கத்து ஒழுங்கை நாய் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருசம் அதற்கு உடம்பு முழுக்கச் சொறி. மயிர் கொட்டி, தோல் தடித்து, காது மடல் வெடித்து, இராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடக்கும். நாங்கள் இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐயா பழைய எஞ்சின் ஒயில் ஒரு போத்தலோடு வந்தார். "இதைப் பூசுங்கோ பிள்ளையள், ரெண்டு நாளில விட்டிடும். நாங்கள் காலங்காலமாச் செய்யிறது." அவர் அந்த நாயை வெறுப்பவர் இல்லை. தன் வீட்டுச் சோறு போடுகிறவர். எங்களில் ஒருத்தி அன்றே ஒரு மிருக வைத்தியருக்கு அழைத்துக் கேட்டாள். அவர் சொன்னது சுருக்கம். சொறிக்குக் காரணம் தோலுக்குள் வீடு கட்டுகிற சிற்றுண்ணி. ஒயில் தோலை எரிக்கும், அதில் ஈயம் மாதிரியான உலோகங்கள் இருக்கும், வெடித்த தோலால் உள்ளே போகும், நக்கினால் வாயாலும் போகும். சொறிக்குச் சாகாத நாய் ஒயிலுக்குச் சாகும்.

எட்டுப் பேர் காசு சேர்த்தோம். பாணுக்குள் இறைச்சித் துண்டு வைத்துக் கூப்பிட்டு, ஓட்டோக்காரர் ஒருவரைக் கெஞ்சி, இரண்டு கிழமைக்கு ஒருமுறையாக மூன்று தரம் ஊசி போட்டோம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு சொறிவது நின்றது. மூன்றாவதுக்குப் பிறகு முதுகில் பஞ்சு மாதிரி மயிர் வரத் தொடங்கியது. அந்த ஐயா வந்து பார்த்துவிட்டு, "ஊசிக்கு விட்டிருக்கு என்ன" என்றார். பிறகு தன் வீட்டு நாயின் காதைக் காட்டி, இதுக்கும் கேட்டுச் சொல்லுங்கோ பிள்ளையள் என்றார். அவருக்குத் தேவையாக இருந்தது அறிவுரை இல்லை, கேட்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம்.

உண்ணிக்கும் இதே கதை. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சத்தை நாயின் முதுகிலும் அடிப்பவர்கள் உண்டு. வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கிச் செத்த நாய்களைத் தோட்டக்காரர்களே கண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வேப்பிலை அவித்த தண்ணி போதும், இரசாயனம் வேண்டாம் என்பவர்கள். வேப்பிலைத் தண்ணி கெடுதல் செய்யாது, ஆனால் உண்ணியைத் தீர்க்கும் என்று அதை நம்பி விட முடியாது. உண்ணி கொண்டு வருகிற பபேசியா, எர்லிக்கியா போன்ற நோய்கள் இரத்தத்தைத் தின்னும். மிருக வைத்தியர் எடை பார்த்துத் தருகிற குளிசையோ கழுத்தில் விடுகிற மருந்தோ ஒரு தொழிற்சாலையில் செய்ததுதான். அளவு தெரிந்து, நாயில் பரிசோதித்து, எந்த எடைக்கு எவ்வளவு என்று எழுதி வருகிறது. நஞ்சில்லாதது என்ற சொல்லுக்கு அதைவிட நேர்மையான பொருள் எனக்குத் தெரியவில்லை.

இயற்கையை நம்பித் தடுப்பூசி போடாமல் விடுகிறவர்களையும் சந்தித்திருக்கிறேன். விசர் நோய் ஒரு இயற்கையான வைரசு. ஊசி ஒரு செயற்கையான பொருள். அறிகுறி வந்த பிறகு அந்த வைரசுக்கு நாயிலும் மனிசரிலும் மருந்து இல்லை என்றே சொல்ல வேண்டும். சுகாதாரத் திணைக்களம் இலவசமாகவே ஊசி போடுகிறது. 2006இலிருந்து இந்த நாட்டில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்ற கொள்கை இருக்கிறது. கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. ஊசி, கருத்தடை, ஒரு கோப்பை சுத்தமான தண்ணி, இவையும் அந்தக் கொள்கையின் மிச்சப் பாதி. அதை அரசாங்கம் தனியாகச் செய்து முடிக்காது.

எங்கட ஊரில் வைரவர் கோயில் இல்லாத குறிச்சி குறைவு. அவருக்கு வடைமாலை போடுகிறோம், அவருடைய வாகனத்தைக் கல்லால் எறிகிறோம். கும்பிடுவதற்கும் எறிவதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நாய் தெய்வமும் இல்லை, குப்பை வாளியும் இல்லை, இன்ஸ்ரகிராமில் போடுகிற பொம்மையும் இல்லை. ஈரல், சிறுநீரகம், தோல் எல்லாம் உள்ள ஒரு உடம்பு. தனக்கு என்ன ஒத்துவராது என்று வாயால் சொல்ல முடியாத உடம்பு.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ ஒரு நாய் இருந்தால், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். இன்றைக்குக் கறி வைக்கும்போது வெங்காயம் போட முதல் ஒரு பிடியை எடுத்து வையுங்கள். உங்கள் பகுதி மிருக வைத்தியரின் இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். நாய் ஏதாவது கூடாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், உப்புத் தண்ணி பருக்கிச் சத்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே இன்னொரு நஞ்சாகும். தின்ற பொருளின் பக்கற்றைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே வெளிக்கிடுங்கள். அந்த நேரத்தில் வைத்தியர் கேட்பது என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாய் எத்தனை கிலோ என்ற நாலு கேள்விதான். அது இயற்கையா செயற்கையா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.